செவிவழிக் காட்சி: மார்ட்டி கிளிக்மன் என்னும் வருணனையாளர்

கலிங்கத்துப்பரணியைக் கற்றோர் அதன் அமைப்பிலுள்ள நுட்பமொன்றை எளிதில் மறவார். சயங்கொண்டார் கலிங்கப் போரைத் தமது கூற்றாகக் கூறினாரல்லர். போர்க்களம் எங்கோ இருக்கின்றது. காளிதேவியோ பாலை நிலத்துக் கோயிலிலே பேய்க்கணங்கள் சூழ வீற்றிருக்கின்றாள். களத்தைக் கண்ணாரக் கண்ட கூளியொன்று வந்து, கண்டதைக் கண்டவாறே அவளுக்கு எடுத்தியம்புகின்றது. பரியும் கரியும் மோதுமிடத்துச் சந்தமும் விரைகின்றது. படை தளருமிடத்துச் சந்தமும் தளர்கின்றது. கேட்பவளுக்குச் செவியே கண்ணாகின்றது. பாரதத்திலே விழியற்ற திருதராட்டிரனுக்குச் சஞ்சயன் செய்த பணியும் இத்தகையதே. காண்பவன் ஒருவன்; காணாது கேட்பவன் மற்றொருவன்; இருவர்க்குமிடையே பாலமாக நிற்பது சொல் ஒன்றே.

இருபதாம் நூற்றாண்டிலே வானொலி தோன்றியபோது இப்பழைய பணி புதிய உருவில் மீண்டும் பிறந்தது. அதனையே நேர்முக வருணனை என்கின்றோம். இந்நாட்டிலே கிரிக்கெட் ஆட்ட வருணனையை வானொலிப் பெட்டியின் அருகே கூடியிருந்து கேட்டு, தாம் ஒருபோதும் கண்டிராத மைதானங்களை மனக்கண்ணிற் கண்ட தலைமுறையினர் பலர். ஆயின் கிரிக்கெட் ஆறுதலாக நிகழும் ஆட்டம். பந்துக்கும் பந்துக்கும் இடையே பேசுதற்கு நேரமுண்டு. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பந்து கைம்மாறும் கூடைப்பந்தாட்டத்தைச் சொல்லாற் காட்டுதல் எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை கண்டவர்களுள் முதலிடத்தில் வைத்தெண்ணத் தக்கவர் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த மார்ட்டி கிளிக்மன் என்பார். அவரது வரலாறு ஒரு கலை வளர்ந்த வரலாறாகும். அம்மட்டோடு அமையாது, பேச வேண்டியவிடத்துப் பேசுதலும் பேசாதிருத்தலும் ஒரு மனிதனது வாழ்வில் எத்துணைப் பாரமானவை என்பதையும் அது காட்டுகின்றது. அதுபற்றியே இக்கட்டுரை எழுந்தது.

இளமையும் பேர்லினும்

கிளிக்மன் 1917ஆம் ஆண்டு ஓகஸ்ட் 14ஆம் நாள், நியூயோர்க் நகரின் பிறோங்ஸ் பகுதியிலே பிறந்தார். பெற்றோர் ருமேனியாவிலிருந்து குடியேறிய யூதர். புறூக்கிளின் பகுதியில் வளர்ந்த சிறுவன், ஜேம்ஸ் மடிசன் உயர்தரப் பாடசாலையிலே ஓட்டத்திலும் அமெரிக்க உதைபந்தாட்டத்திலும் புகழ் பெற்றான். பின்னர்ச் சிரகியூஸ் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, முதலாண்டு முடிந்த அளவிலே, 1936ஆம் ஆண்டு பேர்லின் ஒலிம்பிக் போட்டிக்குச் செல்லும் அமெரிக்க அணியிலே இடம் பெற்றான். அப்பொழுது வயது பதினெட்டு.

நூறு மீற்றர் நால்வர் அஞ்சலோட்டத்துக்குத் தெரிவு செய்யப்பட்டோர் சாம் ஸ்ரோலர், கிளிக்மன், ஃபொய் டிறேப்பர், பிராங்க் வைக்கொவ் என்னும் நால்வராவர். கோலை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றுதலே அஞ்சலோட்டத்தின் உயிர்நிலை. ஆதலால் இந்நால்வரும் பல நாள் ஒருங்கு பயின்றனர். ஆயின் முதற்சுற்று நடைபெறவிருந்த நாட்காலையிலே தலைமைப் பயிற்றுநர் லோசன் றொபேட்சன் அவர்களை அழைத்து, ஸ்ரோலரும் கிளிக்மனும் ஓடார் என்றும், அவர்களுக்குப் பதிலாக ஜெசி ஓவென்சும் றல்வ் மெற்காவும் ஓடுவர் என்றும் அறிவித்தார். ஜேர்மானியர் தமது சிறந்த ஓட்டக்காரரை மறைத்து வைத்திருக்கின்றனர் என்று ஒரு செய்தி உலவுவதாகக் காரணமும் கூறப்பட்டது. அவ்வேளையில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றிருந்த ஓவென்ஸ், தமக்கு இனிப் பதக்கம் வேண்டா, அவ்விருவருமே ஓடட்டும் என்று எடுத்துரைத்தார். துணைப் பயிற்றுநர் டீன் குறொம்வெல், சொன்னதைச் செய்யுமாறு கூறி அவரை அடக்கிவிட்டார்.

ஓட்டம் நடந்தது. அமெரிக்க அணி 39.8 செக்கனில் ஓடி உலக சாதனை நிலைநாட்டியது. இரண்டாவதாக வந்த இத்தாலிய அணி எடுத்த நேரம் 41.1 செக்கன், ஜேர்மன் அணி எடுத்தது 41.2 செக்கன். மறைத்து வைக்கப்பட்ட ஓட்டக்காரர் எவரும் இருந்திலர் என்பது இதனால் வெளியாயிற்று. அமெரிக்க மெய்வல்லுநர் அணியிலே பேர்லின் சென்றும் ஓடாது திரும்பியோர் இருவரே. அவ்விருவரே அவ்வணியிலிருந்த யூதர் இருவரும் ஆவர்.

இச்செயலுக்குக் காரணம் யாது என்பது பற்றி இருவேறு கருத்துக்கள் உள. டிறேப்பரும் வைக்கொவும் குறொம்வெல் பயிற்றுவித்த தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர்; தம் மாணாக்கர்பாற் கொண்ட பற்றினாலே பயிற்றுநர் பிறரை விலக்கினர் என்பது ஒன்று. ஹிட்லரது முன்னிலையில் யூதர் இருவர் வெற்றி மேடையில் நிற்றலாகிய சங்கடத்தைத் தவிர்க்கவே அமெரிக்க ஒலிம்பிக் குழுவின் தலைவர் அவெரி பிறன்டேஜும் பயிற்றுநரும் இங்ஙனம் செய்தனர் என்பது மற்றொன்று. முதற்கருத்தை முற்றாகத் தள்ளிவிடலாகாது. எனினும் பேர்லினிலே நடந்த பயிற்சி ஓட்டத்தில் ஸ்ரோலர் முதலாவதாகவும், கிளிக்மன் இரண்டாவதாகவும், டிறேப்பர் மூன்றாவதாகவும் வந்தனர். வேகமே அளவுகோலாயின் விலக்கப்பட வேண்டியவர் கிளிக்மன் அல்லர். கிளிக்மன் தம் வாழ்நாள் முழுவதும் இரண்டாவது கருத்தையே உறுதியாகக் கொண்டிருந்தார்.

சொல்லாது விட்ட சொல்

நாடு திரும்பிய கிளிக்மன் சிரகியூசிலே மீண்டும் கல்வியிலும் ஆட்டத்திலும் ஈடுபட்டார். 1937ஆம் ஆண்டு கோர்னெல் பல்கலைக்கழகத்துடன் நடந்த உதைபந்தாட்டத்தில் அவர் பெற்ற வெற்றியைக் கண்ட உள்ளூர் ஆடை வணிகர் ஒருவர், தமது கடையின் விளம்பரத்துக்காக வானொலியிலே விளையாட்டுச் செய்தி கூறுமாறு அவரை வேண்டினார். ஓட்டக்காரன் ஒலிபரப்பாளனாகியது இவ்வாறேயாம்.

அவ்வணியிலே அவரோடு ஆடிய மற்றொரு வீரரின் பெயர் நம்மவர் கவனத்தை ஈர்க்கத் தக்கது. வில்மெத் சிதாத் சிங் என்பது அப்பெயர். அவர் உதைபந்தாட்டத்திலும் கூடைப்பந்தாட்டத்திலும் ஒருங்கே சிறந்து விளங்கியவர். பெயரை நோக்கிப் பத்திரிகைகள் அவரை 'இந்து' என்று எழுதிவந்தன. உண்மையில் அவர் கறுப்பினப் பெற்றோர்க்குப் பிறந்தவர். தந்தை இறந்தபின் தாயை மணந்த இந்திய வமிசத்து மருத்துவரின் பெயர் அவருக்கு வாய்த்தது. கறுப்பின மாணவர்க்கு மறுக்கப்பட்ட கதவுகள் பல, இந்து என எண்ணப்பட்டவர்க்குத் திறந்தன. மனிதர் வகுத்த நிறபேதம் எத்துணைப் பொருளற்றது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா? மேனியின் நிறம் ஒன்றே. பெயர் மாறியவுடன் மரியாதையும் மாறுகின்றது.

1937ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் பால்ற்றிமோர் நகரிலே மேரிலாந்துப் பல்கலைக்கழகத்துடன் ஆட்டம் நிகழவிருந்தது. அதன்முன் சிதாத் சிங்கின் பிறப்புப் பற்றிய உண்மையைப் பத்திரிகை ஒன்று வெளியிட்டது. கறுப்பினத்தவனோடு ஆட மேரிலாந்து அணி மறுத்தது. சிரகியூஸ் அதற்கு உடன்பட்டு அவரை வெளியே இருத்தியது. ஆட்டத்திலும் 13-0 எனத் தோற்றது. பேர்லினில் நிகழ்ந்தது கழிந்து அப்பொழுது ஓராண்டும் சில திங்களுமே ஆகியிருந்தன. பிறப்பைக் காட்டி விலக்கப்படுதல் எத்தகையது என்பதை அவ்வணியிலே பிறர் எவரினும் நன்கு அறிந்தவர் கிளிக்மன். 'இவர் ஆடாவிடின் யானும் ஆடேன்' என்று எழுந்து கூற வேண்டும் என்னும் எண்ணமும் அவருள்ளத்தே எழுந்தது. அவர் கூறினாரல்லர், ஆடினார். தமக்காக ஓவென்ஸ் பேசியதுபோலத் தாம் சிதாத் சிங்குக்காகப் பேசவில்லையே என்னும் நாணம் முதுமை வரையும் அவரை விட்டகலவில்லை. தம் வாழ்க்கை வரலாற்று நூலிலும் அவர் இதனை மறைத்தாரல்லர்.

அடுத்த ஆண்டு சிரகியூசிலே இரு அணிகளும் மீண்டும் மோதின. சிதாத் சிங் ஆடினார். சிரகியூஸ் 53-0 என வென்றது. பின்பு அவர் இரண்டாம் உலக யுத்தத்தின்போது விமானப் படையிற் சேர்ந்து, 1943ஆம் ஆண்டு பயிற்சிப் பறப்பிலே விமானம் பழுதுற, ஹியூரன் ஏரியில் வீழ்ந்து இறந்தார். கிளிக்மனுக்கோ பேசுதலே தொழிலாயிற்று.

கூடைப்பந்தாட்டமும் வானொலியும்

கூடைப்பந்தாட்டம் 1891ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்ஃபீல்ட் நகரிலே ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் ஆசிரியரால் ஆக்கப்பட்டது. பனிக்காலத்திலே வெளியிற் சென்று ஆட இயலாத மாணவர்க்கு உள்ளரங்கிலே ஓர் ஆட்டம் வேண்டும் என்று மேலாளர் பணித்தமையால், பீச்சுப் பழக் கூடைகளிரண்டை உயரத்தில் அறைந்து அவர் அதனைத் தொடக்கி வைத்தார். ஐம்பதாண்டுகளுக்குள் அது கல்லூரிகள்தோறும் பரவிப் பெருங்கூட்டத்தைக் கவரும் ஆட்டமாயிற்று. நியூயோர்க்கின் மடிசன் ஸ்குயர் கார்டின் அரங்கிலே ஒரே மாலையில் இரு கல்லூரி ஆட்டங்கள் நிகழ, மக்கள் திரண்டு வந்தனர்.

வானொலி மட்டும் இவ்வாட்டத்துக்கு நெடுங்காலம் இணங்கிவரவில்லை. காரணம் வெளிப்படை. பேஸ்போலிலும் கிரிக்கெற்றிலும் ஆட்டக்காரர் தத்தமக்குரிய இடத்தில் நிற்பர், அவ்விடங்களுக்குப் பெயருண்டு, பந்து ஒருமுறை வீசப்பட்டபின் ஓய்வுண்டு. கூடைப்பந்தாட்டத்திலோ 94 அடி நீளமும் 50 அடி அகலமுமுடைய களத்திலே பதின்மர் ஓயாது ஓடுகின்றனர். பந்து ஐந்து செக்கனில் ஐவர் கைக்கு மாறுகின்றது. கண்டவன் கூறி முடிக்குமுன் களத்திலே காட்சி மாறிவிடுகின்றது. ஆதலால் இதனைக் கூறப் புகுந்தோர் பலர், புள்ளிகளை மட்டும் கூறி அமைந்தனர். கேட்போர் கணக்கை அறிந்தனர்; ஆட்டத்தைக் கண்டாரல்லர்.

பட்டம் பெற்றபின் நியூயோர்க்கிலே டபிள்யூ. எச். என். என்னும் வானொலி நிலையத்திற் சேர்ந்த கிளிக்மன், 1943ஆம் ஆண்டளவில் அதன் விளையாட்டுப் பகுதிக்குத் தலைவராயினார். யுத்த காலத்திற் கடற்படை சார்ந்த மரீன் படையிலே பணிபுரிந்து, யுத்தம் முடிந்ததும் மீண்டு, கார்டின் அரங்கின் கல்லூரி ஆட்டங்களை வருணிக்கத் தொடங்கினார். 1946ஆம் ஆண்டு தொழின்முறைக் கூடைப்பந்தாட்டச் சங்கம் அமைக்கப்பட்டு, நியூயோர்க் நகரத்தின் அணியாக நிக்ஸ் அணி தோன்றியபோது அதன் குரலும் அவரே ஆயினார். இருபத்தோராண்டு அப்பணி நீடித்தது. நியூயோர்க் ஜயன்ற்ஸ் உதைபந்தாட்ட அணிக்கும் அவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குரல் கொடுத்தார்.

அவர் கண்ட வழி

கிளிக்மன் செய்தது யாது? முதலாவதாக, அவர் களத்துக்கு ஒரு நிலநூல் வகுத்தார். ஒரு நாட்டை அறியாதவனுக்கு அந்நாட்டிலே நடந்த போரை விளக்குமுன், ஆறு இங்கே, மலை இங்கே என்று நிலத்தைக் காட்ட வேண்டும். அங்ஙனமே களத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் கூறி, பந்து எப்பெயருடைய இடத்திலுள்ளது என்பதை அவர் இடைவிடாது உரைத்தார். எடுத்துக்காட்டாக, கூடையின் முன்னுள்ள தடமும் அதன் தலைப்பிலுள்ள வட்டமும் சேர்ந்து ஒரு சாவித்துவாரத்தின் வடிவைத் தரும். அக்காலத்திலே அத்தடம் ஆறடி அகலமே உடையதாகையால் அவ்வடிவம் நன்கு விளங்கிற்று. அதுபற்றி அப்பகுதி 'சாவி' எனப்பட்டது. 'சாவியின் தலைப்பில்', 'நடுக்கோட்டைத் தாண்டி', 'வலப்பக்க மூலையில்' என்று அவர் கூறும்போது, கேட்போர் உள்ளத்திலே ஒரு வரைபடம் விரிந்தது. தடம் 1951ஆம் ஆண்டிற் பன்னிரண்டடியாகவும், 1964ஆம் ஆண்டிற் பதினாறடியாகவும் அகற்றப்பட்டுப் பழைய வடிவம் மறைந்த பின்னும் அப்பெயர் இன்றளவும் வழங்குதல் நோக்கத்தக்கது.

இரண்டாவதாக, சொல்லின் ஓட்டத்தை அவர் ஆட்டத்தின் ஓட்டத்தோடு இசைவித்தார். பந்து மெல்ல நகரும்போது சொல்லும் மெல்ல நகரும். ஆட்டக்காரன் கூடையை நோக்கிப் பாயும்போது வாக்கியம் குறுகும். வினைச்சொற்கள் ஒன்றன்மேலொன்றாக விரையும். முன்னாள் ஓட்டக்காரராகிய அவருக்கு வேகத்தின் ஏற்றவிறக்கம் உடலறிந்த உண்மையாயிருந்தது போலும். பரணி பாடிய புலவர் சந்தத்தாற் செய்ததை அவர் மூச்சினாற் செய்தார்.

மூன்றாவதாக, ஒலியையே சொல்லாக்கினார். இரும்பு வளையத்திற் சற்றும் படாது பந்து வலையினூடே இறங்கும்போது எழும் மெல்லிய ஓசையை 'ஸ்விஷ்' என்று அவர் குறித்தார். அச்சொல்லை அவ்வாட்டத்தில் வழக்குக்குக் கொணர்ந்த பெருமை அவருக்கே உரியதாகக் கூறப்படுகின்றது. தமிழிலே சலசல, கலகல என்னும் இரட்டைக்கிளவிகள் பொருளை ஒலியாலேயே உணர்த்துதல்போல, அவ்வொரு சொல்லே எறிந்தவனின் திறனையும், பந்தின் நேர்மையையும், வலையின் அசைவையும் ஒருங்கே உணர்த்திற்று. பின்னர் அது கூடைப்பந்தாட்டத்தின் பொதுச் சொல்லாயிற்று.

ஒலிபரப்புக்குப் பொருளுதவி செய்தது நெடிக்ஸ் என்னும் சிற்றுண்டிக் கடை நிறுவனம். ஆகவே பந்து கூடையில் வீழ்ந்ததும், 'நெடிக்ஸ் போல நன்று' என்று அவர் கூறுவதுண்டு. நியூயோர்க்கின் தெருக்களிலும் பள்ளி முற்றங்களிலும் பந்தெறிந்து விளையாடிய சிறுவரெல்லாம் அதனையே கூவிக்கொண்டு எறிந்தனர். வணிகம் மொழிக்குள் நுழைதலை நாம் விரும்பாதிருக்கலாம். ஆயினும் ஒரு வருணனையாளரின் வாய்மொழியைப் பிள்ளைகள் தம் ஆட்டத்தின் பகுதியாக ஏற்றுக்கொண்டமை, அவர் அவர்களது உள்ளத்திலே எவ்வளவு ஆழமாக இடம் பெற்றார் என்பதற்குச் சான்றாகும்.

இவையெல்லாவற்றிற்கும் அடிப்படை ஒன்றுண்டு. வருணனையாளன் தன் புலமையைக் காட்டுதற்காகப் பேசுபவன் அல்லன். காணாதவனுக்குக் கண்ணாயிருத்தலே அவன் கடன். புள்ளிகளையும் எஞ்சிய நேரத்தையும் அடிக்கடி கூறல் வேண்டும். அப்பொழுதே வந்தமர்ந்து வானொலியைத் திருப்பியவனும் இருக்கின்றான் என்பதை மறத்தலாகாது. ஆசிரியத் தொழில் புரிவோர்க்கும் இஃது பொருந்தும். மாணவன் காணாத நாட்டையும் காலத்தையும் நாமும் சொல்லாலன்றோ காட்டுகின்றோம்?

இருபத்துநான்கு செக்கன்

ஆட்டமும் அக்காலத்திலே மாறிற்று. முன்னணியில் நிற்கும் அணி பந்தை எறியாது கைக்குட் பேணிக் காலத்தைக் கழிக்கலாம் என்னும் நிலை இருந்தது. 1950ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் ஃபோட் வெயின் அணி மினியாப்பொலிஸ் அணியை 19-18 என்னும் புள்ளிகளால் வென்றது. நாற்பத்தெட்டு நிமிட ஆட்டத்திலே இரு அணிகளும் சேர்ந்து எடுத்தவை முப்பத்தேழு புள்ளிகளே! காண்போரும் கேட்போரும் சலிப்புற்றனர். இதற்கு மருந்து கண்டவர் சிரகியூஸ் அணியின் உரிமையாளர் டனி பியசோன். பந்தைப் பெற்ற அணி இருபத்துநான்கு செக்கனுக்குள் அதனைக் கூடை நோக்கி எறிதல் வேண்டும் என்னும் விதி 1954ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஓரணி ஓராட்டத்திற் பெறும் புள்ளிகளின் சராசரி 79.5 இலிருந்து ஒரே பருவத்தில் 93.1 ஆக உயர்ந்தது. ஆட்டம் விரைந்தது, வருணனையாளனது நாவும் விரைய வேண்டியதாயிற்று. புள்ளிகளை மட்டும் படித்தவர்கள் பின்தங்கினர். ஆட்டத்தோடு ஓடப் பழகியவர்களே நிலைத்தனர்.

இடையிலே ஒரு களங்கமும் நேர்ந்தது. 1951ஆம் ஆண்டு, கல்லூரி ஆட்டக்காரர் பலர் சூதாடிகளிடம் கைக்கூலி பெற்றுப் புள்ளி வேறுபாட்டை வேண்டியவாறு குறைத்தாடினர் என்பது வெளிப்பட்டது. 1947 முதல் 1950 வரை ஏழு கல்லூரிகளைச் சேர்ந்த 32 ஆட்டக்காரர் 86 ஆட்டங்களிலே இக்குற்றம் புரிந்தனர் எனக் கண்டறியப்பட்டது. கார்டின் அரங்கிலே நிகழ்ந்த ஆட்டங்களும் இவற்றுள் அடங்கும். கை தவறிய பந்து என வானொலியில் கூறப்பட்டது, வேண்டுமென்றே தவறவிடப்பட்ட பந்தாயிருந்திருக்கலாம். கண்டதைக் கண்டவாறு கூறுபவனும் காணப்படாததைக் கூற இயலாது. வருணனையின் எல்லை இதுவேயாம்.

பெயரை மாற்றாதவர்

அக்காலத்து அமெரிக்க ஒலிபரப்புத் துறையிலே யூதப் பெயர்களை மாற்றிக்கொள்ளுதல் வழக்கமாயிருந்தது. புகழ் பெற்ற வருணனையாளர் மெல் அலன் பிறப்பில் மெல்வின் இஸ்ரயேல் ஆவர். ஹவாட் கோசெலின் குடும்பப் பெயர் கோகன். கிளிக்மன் மாற்றினாரல்லர். அதன் விலையையும் அவர் கொடுத்தார். 1950களின் நடுப்பகுதியிலே என். பி. சி. நிறுவனம் தொழின்முறைக் கூடைப்பந்தாட்டத்தை நாடெங்கும் தொலைக்காட்சியிற் காட்டத் தொடங்கியபோது, அவ்வாட்டத்தைப் பிறர் எவரினும் நன்கறிந்த அவர் முதலில் அமர்த்தப்பட்டார். விரைவிலேயே அவ்விடத்துக்கு லின்ட்சி நெல்சன் வந்தார். தமது இனத்தையும் பெயரையும் கருதியே தாம் விலக்கப்பட்டதாகக் கிளிக்மன் எண்ணினார். பேர்லினிற் போலவே இங்கும் எழுத்திலே காரணம் ஒன்றும் இல்லை. நாடறிந்த தொலைக்காட்சி முகமாக வேண்டியவர், நியூயோர்க் நகரத்துக் குரலாகவே நின்றுவிட்டார். ஆயினும் அந்நகரத்துக்கு அவர் தம்மை முழுவதும் ஈந்தார். பெரும் அணிகளின் ஆட்டத்தோடு பாடசாலை மாணவரின் உதைபந்தாட்டத்தையும் சமமான அக்கறையுடன் அவர் ஒலிபரப்பினார். 1972ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் எச். பி. ஓ. என்னும் தொலைக்காட்சிச் சேவை தொடங்கியபோது, அதன் முதல்நாள் விளையாட்டு நிகழ்ச்சியாகிய பனிக்கட்டி ஹொக்கி ஆட்டத்துக்கு வருணனை கூறியவரும் அவரே.

மாணாக்கர் வழி

ஆசிரியன் பெருமை மாணாக்கனால் விளங்கும். கிளிக்மனோடு பணிபுரிந்து பயின்ற ஜோனி மோஸ்ற் 1953ஆம் ஆண்டு பொஸ்ரன் நகரிற் செல்ரிக்ஸ் அணியின் வருணனையாளராகி, 1990 வரை அப்பணியில் நிலைத்தார். நிக்ஸ் அணிக்குப் பந்தெடுத்துக் கொடுக்கும் பையனாயிருந்த மாவ் அல்பேட், கிளிக்மனுக்கு உதவியாளராகி, 1963ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள், ஆசிரியர் வர இயலாத ஓராட்டத்தைத் தமது இருபத்தொராம் வயதிலே தனித்து வருணித்தார். 1967ஆம் ஆண்டு முதல் அவரே நிக்ஸ் அணியின் குரலாயினார். பிற்காலத்தில் அமெரிக்கா முழுவதும் அறிந்த கூடைப்பந்தாட்ட வருணனையாளரும் ஆயினார். முதுமையிலே கிளிக்மன் இளைய ஒலிபரப்பாளர்க்குப் பயிற்றுநராகவும் கடமை புரிந்தார். இன்று வருணனையாளர் பந்து இருக்குமிடத்தைப் பெயர் கூறி உணர்த்தும்போதெல்லாம், அவரை அறியாதோரும் அவர் வழியிலேயே செல்கின்றனர்.

1991ஆம் ஆண்டு ஸ்பிறிங்ஃபீல்டிலுள்ள கூடைப்பந்தாட்டப் புகழ் மண்டபம் ஊடகத்துறையினர்க்கு வழங்கும் கேட் கௌடி விருதை அவருக்கு அளித்தது. 1992ஆம் ஆண்டு எழுபத்தைந்து வயதில் அவர் ஒலிபரப்பிலிருந்து ஓய்வு பெற்றார். 2001ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் காலமானார்.

முடிவுரை

1985ஆம் ஆண்டு ஓவென்சின் நினைவாக நிகழ்ந்த விழாவுக்காகக் கிளிக்மன் பேர்லின் அரங்கினுள் மீண்டும் நுழைந்தார். ஏறக்குறைய ஐம்பதாண்டுகள் கழிந்திருந்தன. ஆறிவிட்டதென அவர் எண்ணியிருந்த சினம் அன்று பொங்கி எழுந்து, நிலைகுலைந்து வீழ்வேனோ என்று அஞ்சும் அளவுக்கு அவரை ஆட்கொண்டது. 1998ஆம் ஆண்டு அமெரிக்க ஒலிம்பிக் குழு, 1936ஆம் ஆண்டில் இழைக்கப்பட்ட தவற்றை ஏற்று, கிளிக்மனுக்கும் ஸ்ரோலருக்கும் சிறப்பு விருது வழங்கியது. ஸ்ரோலர் அதனைக் காண உயிரோடிருக்கவில்லை. அவர் 1985ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார். அறுபத்திரண்டு ஆண்டு கழித்து வந்த நீதி, இருவருள் ஒருவருக்கே எட்டியது.

இவ்வரலாற்றைப் பயில்வோர் இரண்டு காட்சிகளை ஒப்புநோக்குவாராக. பேர்லினில் ஓவென்ஸ் பேசினார். அதனாற் பயன் விளையவில்லை. பால்ற்றிமோரிற் கிளிக்மன் பேசவில்லை. பேசியிருப்பினும் பயன் விளைந்திருக்குமோ என்பது ஐயமே. எனினும் ஓவென்சின் பயனற்ற சொல்லைக் கிளிக்மன் சாகுமளவும் நன்றியோடு நினைந்தார்; தமது மௌனத்தை நாணத்தோடு நினைந்தார். அநீதிக்கு உட்பட்டவன் அநீதியை இயல்பாகவே எதிர்ப்பான் என்று நாம் எண்ணுதல் பிழை. பட்ட அடி ஒருவனைப் பேசவும் வைக்கும். அஞ்சி அடங்கவும் வைக்கும்.

நம் கல்லூரி மாணவருள் பேச்சுத் திறன் வாய்ந்தோர் பலர் உளர். அவர்கட்கு ஒரு பயிற்சி கூறி முடிக்கின்றேன். மாலையிலே மைதானத்தின் ஓரத்தில் நின்று, நிகழும் ஆட்டத்தைக் கண்மூடியிருக்கும் நண்பன் ஒருவனுக்கு எடுத்துரைத்துப் பாருங்கள். பந்து எங்கே, யார் கையில், எப்பக்கம் நோக்கி என்பவற்றை அவன் வினவாமலே அறிந்துகொள்கின்றானா என்று சோதியுங்கள். சொல் எவ்வளவு அரிய கருவி என்பது அப்பொழுது விளங்கும். பின்னர், ஆட்டத்திற் சேர்க்கப்படாது ஓரத்தில் நிற்பவன் எவனேனும் உளனா என்றும் நோக்குங்கள். அவனைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் வருணனையாளன் கடமையே.